பதினாலு கயிறும் ஏழு அடியும்

உங்கள் பள்ளிகளுக்கெல்லாம் இப்போது கணக்குப் பெட்டி வருகிறது. திறந்தால் கனசதுரம், கூம்பு, மணிச்சட்டம் எல்லாம் கலர் கலராக இருக்கின்றன. போன மாதம் ஒரு பள்ளியில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பிள்ளைகள் கை பட்டால் அழுக்காகிவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற்றவள் போகிற இடமெல்லாம் குறை சொல்கிறாள் என்று பெயர் வாங்குவானேன்?

வீட்டுச் சாமான்களை வைத்துக் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். எப்படி என்பதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அதைச் செய்யப் போய் நான் பண்ணிய ஒரு தப்பைச் சொல்கிறேன். முப்பத்தைந்து வருஷத்தில் நான் பண்ணிய தப்புகள் கொஞ்சநஞ்சமல்ல. பெரும்பாலானவற்றை நினைத்தால் இப்போது சிரிப்பு வரும். இதை நினைத்தால் வருவதில்லை.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கீழ்வேளூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையோடு மூன்று மைல் நடந்தால் என் பள்ளிக்கூடம். தலைமையாசிரியரும் நானும்தான் அங்கே வாத்தியார்கள். கைத்தொழில் பாடத்துக்கு நூல் நூற்க என்று அலுவலகத்திலிருந்து முப்பது தக்ளி வந்திறங்கியது. பஞ்சு வரவில்லை. எழுதிக் கேட்டோம். மறுபடியும் தக்ளியே வந்தது.

பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் கிடக்கிற கிழிந்த சாக்கு ஆளுக்கு ஒன்று கொண்டுவாருங்கள் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். நெல் விளைகிற ஊரில் சாக்குக்கா பஞ்சம்? சணலை இழை இழையாக உருவி, தொடையில் வைத்துத் திரித்து, இரண்டு பிரியை முறுக்கி ஒரு நீளக் கயிறு செய்தோம். பன்னிரண்டு அடி வைத்து, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். ஏன் பன்னிரண்டு என்றால், எங்கள் பக்கத்தில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி. நிலம் இருக்கிறவனும் சரி, இல்லாதவனும் சரி, குழிக் கணக்கில்தான் பேசுவான். பிள்ளைகளுக்குப் பரப்பளவு என்ற சொல் நுழையவில்லை. குழி என்றதும் நுழைந்துவிட்டது.

அப்புறம் அளந்தோம் பாருங்கள், ஊரில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. முதலில் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம். சரியாக இரண்டு கயிறு, ஒரு விரல்கூட மிச்சமில்லை. அதன்பின் வண்டிச் சக்கரம், கிணற்று விளிம்பு, நெல் குதிர், சோற்றுப் பானை. குறுக்கே ஒரு தடவை, சுற்றி ஒரு தடவை அளந்து எழுத வேண்டும். மூன்றாம் நாள் வகுப்பில் ஒரு பெண் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினாள். "டீச்சர்! எத அளந்தாலும் குறுக்கால மாதிரி சுத்தால மூணு மடங்கு வருதுங்க டீச்சர், அப்பறம் ஒரு கொஞ்சம் மிச்சம் வருது! பானைக்கும் அதே கொஞ்சம், சக்கரத்துக்கும் அதே கொஞ்சம்!"

அவள் பெயர் பவுனு. மாரிமுத்து என்கிற பண்ணையாளின் மகள். மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாத பெண். விடை தெரிந்துவிட்டால் கை தூக்கும் வழக்கமெல்லாம் கிடையாது, அப்படியே கத்திவிடுவாள். "இப்படிக் கத்துனா பக்கத்து ஊர்ப் பிள்ளைங்க காப்பியடிச்சுடுவாங்கடி" என்று நான் கேலி செய்வேன். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயிற்சிப் பள்ளியில் நான் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய வட்டத்தின் 'பை' மதிப்பை அவள் சோற்றுப் பானையிலிருந்து எடுத்திருந்தாள்.

கயிறு ஊரில் பிரபலமாகிவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்திருந்தது. சட்டம் வருவது வேறு, மனை கைக்கு வருவது வேறு. பவுனு இருந்த தெருவில் பண்ணை நிலத்தில் வரிசையாக ஏழு குடிசைகள். இரண்டு வருஷமாகப் பண்ணைக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் தகராறு. வேலை நிறுத்தம், வெளியூர் ஆளை இறக்குவது, போலீஸ் வண்டி எல்லாம் நடந்தது. பிறகு எப்படியோ பேசி, வீட்டுக்கு எட்டுக் குழி, அதாவது அகலத்தில் இரண்டு கயிறு, நீளத்தில் நாலு கயிறு என்று முடிவானது. முளை அடித்து வைத்துவிட்டால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் செவ்வாய்க்கிழமை வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார். தகராறு என்று ஒரு குரல் கேட்டாலும் நோட்டை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார். அடுத்து எப்போது வருவாரோ!

யார் அளப்பது என்பதில் சிக்கல் வந்தது. பண்ணையின் காரியக்காரர் வைத்திருந்த அளவுகோலைச் சங்கம் நம்பவில்லை. சங்கத்துத் தலைவர் கொண்டுவந்த டேப்பைக் காரியக்காரர் தொடவில்லை. யாரோ ஒருவர், "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கயிறு இருக்குல்ல? அதுக்கு ஏது கட்சி?" என்றாராம். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் சொல்லிக் கொடுத்த கணக்கு ஒரு ஊர்த் தகராறைத் தீர்க்கப் போகிறது என்று மிதந்துகொண்டே போனேன்.

சனிக்கிழமை காலை. ஐப்பசித் தூறல். அந்தத் தெருவுக்குப் போக ஒரு வாய்க்காலை இறங்கிக் கடக்க வேண்டும். கயிற்றுச் சுருளை வைத்திருந்த பிள்ளை வழுக்கித் தண்ணீரில் போட்டுவிட்டாள். முங்கி எடுத்தார்கள். "பரவால்ல, பிழிஞ்சு எடுங்க, காஞ்சுடும்" என்றேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ஏழு மனையையும் ஒரே நேர்கோட்டில் அளந்தோம். கயிற்றின் முன் முனையைப் பிடித்தவள் பவுனு. ஒவ்வொரு கயிற்றுக்கும் அவள்தான் கத்த வேண்டும். ஒண்ணு, ரெண்டு என்று ஊரே கேட்கக் கத்திக்கொண்டு போனாள். இரண்டுக்கு ஒரு முளை. கடைசி வீடு அவளுடையது. அவள் "பதினாலு!" என்று கத்தி நின்ற இடம், அவள் வீட்டுச் சமையல் கொட்டகைக்கு இந்தப் பக்கம். கொட்டகை முழுவதும் கோட்டுக்கு அந்தப் பக்கம், பண்ணைக் களத்தில் நின்றது.

காரியக்காரர்தான் ஆரம்பித்தார். "ஏண்டா மாரிமுத்து, களத்துலயே ஏறிக் கட்டிட்டு இத்தன நாளா வாய மூடிக்கிட்டு இருந்தியா?"

"இல்லீங்கய்யா, நான் இடம் பாத்துத்தான் கட்டுனேன்."

"அப்ப உன் மவ அளந்தது தப்பா?"

மாரிமுத்து மகளைப் பார்த்தார். அவள் இன்னும் முனையைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு இருந்தாள். "எம்பொண்ணு அளந்தது தப்பா இருக்காதுங்க" என்றார். "இன்ஸ்பெக்டரு வர்றதுக்குள்ள பிரிச்சு எடுத்துடுறேன்."

மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சங்கத்துத் தலைவர்கூட, "ஒருத்தனால ஊருக்குப் பேரு கெட்டுதுப்பா" என்று முணுமுணுத்தார். எனக்கும் மாரிமுத்து மேல் கொஞ்சம் கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். மழையில் இனி எங்கே உலை வைப்பது என்று பவுனின் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்; பின்பக்க முளைகளையும் அடித்துவிட்டு நாங்கள் கிளம்பினோம்.

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், பவுனு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். கயிறு நன்றாகக் காய்ந்திருந்தது. தாழ்வாரத்தை அளந்து காட்டினாள். இரண்டு கயிறு, சரியாக. பிறகு கயிற்றை வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கி, பிழிந்து, மறுபடி அளந்தாள். இரண்டு கயிறு போய் ஒரு அடி மிச்சம் நின்றது.

"கயித்துக்கு அர அடி குறையுது டீச்சர்!" சத்தமாகத்தான் சொன்னாள். "பதினாலு கயித்துக்கு ஏழு அடி. எங்க கொட்டா ஆறு அடிதான் டீச்சர். எங்கப்பா களத்துல கட்டல! எங்க எடத்துலதான் கட்டிருக்காரு!"

ஒரு வீட்டுக்கு ஒரு அடி குறைந்தால் யாருக்கும் தெரியாது. குடிசைக்கு இரண்டு பக்கமும் காலி இடம் இருக்கிறது. அந்தக் குறை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கடைசி வீட்டின் தலையில் மொத்தமாக இறங்கியிருந்தது. பத்து வயதுப் பெண் அதைப் பிடித்துவிட்டாள். ஒரு வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய நாள் கிடைக்குமா?

நான் சொன்னது இதுதான்: "ஷ்ஷ்! மெதுவா. இத யாருகிட்டயும் சொல்லாத. நான் சொல்றவரைக்கும் வீட்லகூடச் சொல்லக் கூடாது. சரியா?"

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

எனக்குப் பயம். நாளைக் காலை இன்ஸ்பெக்டர் வருகிறார். இப்போது போய்க் கயிறு தப்பு என்றால் முளை எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். பண்ணை பின்வாங்கிவிட்டால்? மறுபடி அரிவாளும் கம்புமாக நின்றால்? இப்படியெல்லாம் ஊருக்காகப் பயந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடியில் கிடந்த பயம் வேறு. எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. பொம்பளை வாத்தியார் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஊரைக் கெடுத்தாள் என்று ஒரு மனு போனால் போதும்.

மாலை மணி அடித்த பிறகு தலைமையாசிரியரிடம் சொன்னேன். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தவர், அதிர்ந்து பேசாதவர். ஏதாவது வழி சொல்வார், இல்லாவிட்டால் பேசாமல் இரு என்றாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ரெண்டாவது பீரியட் கணக்குல்ல?"

"ஆமா சார்."

"என்ன நடத்தப் போறீங்க?"

பதிலுக்கு நிற்காமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் பஸ்ஸுக்குப் போனேன். அன்றே, அந்த நிமிஷமே, தெருவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. யோசித்துச் செய்யலாம் என்று போய்ப் படுத்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து, ராத்திரியெல்லாம் தாழ்வாரத்தில் காய்ந்திருந்த கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டு நேரே தெருவுக்கு நடந்தேன். வாய்க்காலில் இறங்கும்போது பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு புத்தி சனிக்கிழமையே வந்திருக்கலாம்.

கொட்டகை இல்லை. முந்தின நாள் சாயங்காலமே பிரித்துவிட்டார்கள். மூங்கிலும் கீற்றும் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. அடுப்பு மட்டும் வெட்டவெளியில், தூறலில் நனைந்து கரைந்துகொண்டிருந்தது.

காரியக்காரர் வந்துவிட்டார், சங்கத்துத் தலைவரும் வந்துவிட்டார். இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். கயிறு நனைந்ததால் மொத்தம் ஏழு அடி குறைந்துவிட்டது, பவுனு நேற்றே அளந்து காட்டினாள், மறுபடி அளக்க வேண்டும், தப்பு என்னுடையது என்றேன்.

காரியக்காரருக்கு முகம் சிவந்தது. "டீச்சரம்மா, அளந்தது அளந்ததுதான். இன்னிக்கி நனைஞ்சுதுன்னு ஏழு அடி, நாளைக்கி காஞ்சுதுன்னு பத்து அடியா? யாரு சொல்லிக் குடுத்து வந்திருக்கீங்க?"

சங்கத்துத் தலைவர் என்னைத் தனியாக இழுத்தார். அவர் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. "அம்மா, கும்பிட்டுக் கேக்குறேன். ரெண்டு வருசம் கஞ்சி இல்லாம இருந்து இந்த முளைய வாங்கிருக்கோம். ஒரு கொட்டாய்க்காவ ஏழு வீட்டு மனையயும் கெடுத்துடாதீங்க. மாரிமுத்தே ஒத்துக்கிட்டான்ல?"

நான் தடுமாறினேன். அவர் சொன்னது அநியாயம் என்று சொல்ல முடியாது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போது பவுனின் அம்மா கரைந்த அடுப்புப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். "ஏன்யா, மழ பேஞ்சா மாட்டுக் கயிறு முடிச்சு இறுகிக்கிட்டு அவுக்க முடியாம நிக்கிறது இல்ல? பல்லால கடிச்சு இழுக்குறது இல்ல? நனைஞ்ச கயிறு சுருங்குமான்னு டீச்சரம்மாவக் கேக்கணுமா? ஒங்க வூட்டு மாட்டக் கேளுங்க!"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோருமே சிரித்துவிட்டார்கள், காரியக்காரரைத் தவிர. அத்தனை பேரும் மாடு கட்டுகிறவர்கள். அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். சனிக்கிழமை, சொட்டச் சொட்ட நனைந்த கயிற்றை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். பள்ளிக்கூடத்துக் கயிறு என்றதும் அது மாட்டுக் கயிற்றின் ஜாதி என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"எடுங்க கயித்த" என்றார் காரியக்காரர். "இந்தத் தடவ முனைய நான் புடிக்கிறேன்."

முதல் இரண்டு முளைக்கு நடுவே காய்ந்த கயிற்றை வைத்துப் பார்த்தார். இரண்டாவது கயிறு முளையைத் தாண்டி ஒரு அடி போய் விழுந்தது. பவுனு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். நனைத்துப் பிழிந்து வைத்தார். முளைக்கு முளை அச்சாகப் பொருந்தியது. மனிதர் இரண்டு தடவை அளந்து பார்த்தார். பிறகு முதல் முளையைத் தவிர மற்றதையெல்லாம் தன் கையாலேயே பிடுங்கினார். அவரைப் பற்றி ஆயிரம் சொல்லலாம், இதையும் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு அடுப்படியில் கயிற்றைக் காயவைத்து, சேதி கேட்டுத் தலைமையாசிரியர் கொடுத்தனுப்பிய மர ஸ்கேலை வைத்து ஒவ்வொரு முடிச்சையும் சரிபார்த்து, அளந்து முடித்தோம். கடைசி முளை கொட்டகை இருந்த இடத்தையும் தாண்டி ஒரு அடி தள்ளி இறங்கியது. பின்பக்கமும் வீட்டுக்கு இரண்டு அடி கூடியது. பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தபோது ஒரு குரல் கிளம்பவில்லை. எழுதிக்கொண்டு போனார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மாரிமுத்து மூங்கிலை மறுபடி நட்டுக்கொண்டே மகளிடம் கேட்டார், கோபமாகக்கூட இல்லை: "ஏம்மா, இது ஒனக்கு நேத்தே தெரியுமாமே. நான் பிரிக்கிறப்ப பக்கத்துலதானே நின்ன? சொல்லிருந்தா நிறுத்திருப்பேன்ல?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "டீச்சர் சொல்லக் கூடாதுன்னாங்கப்பா."

அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மூங்கிலை நட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருக்கலாம். அவள் அப்பா தன்னைத் திருடன் என்று ஒப்புக்கொண்டு கீற்றைப் பிரித்த நேரமெல்லாம், அவர் திருடன் இல்லை என்பதற்கான கணக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு அந்தப் பெண் பக்கத்தில் நின்றிருக்கிறாள். கத்துவதைத் தவிர வேறு தெரியாத பெண். என் சொல்லுக்காக நின்றிருக்கிறாள்.

அன்று இரண்டாவது பீரியடை மதியத்துக்கு மாற்றி, வகுப்பின் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் மன்னிப்புக் கேட்பது பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருந்தது. அவளும் சிரித்தாள். அன்று முதல் எதை அளப்பதற்கு முன்னும் தாழ்வாரத்தை ஒரு தடவை அளக்க வேண்டும் என்று பிள்ளைகளே சட்டம் போட்டார்கள். நான் வேலை பார்த்த பள்ளியிலெல்லாம் அதை வைத்திருந்தேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டியில் இருக்கிற அளவுகளையும் நம்பாதீர்கள்.

ஆனால் கயிறு சரியானது போல அவள் சரியாகவில்லை. அதற்குப் பிறகு விடை தெரிந்தால் எழுந்து நிற்பாள். கை கட்டிக்கொள்வாள். "சொல்லலாமா டீச்சர்?" என்று கேட்பாள். நான் சொல்லு என்ற பிறகுதான் வாயைத் திறப்பாள். பார்த்தவர்கள் அவளுக்கு ஒழுக்கம் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். கேட்காமல் சொல்லடி என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! தலையாட்டுவாள். அடுத்த தடவையும் கேட்பாள்.

உங்கள் பள்ளியிலும் ஒரு நாள் எதையாவது கண்டுபிடித்துவிட்டு ஒரு பிள்ளை உங்களிடம் ஓடிவரும். அது கண்டுபிடித்தது உங்களுக்கு வசதியாக இருக்காது. அந்த நேரத்தில் உங்கள் வாயிலிருந்து முதலில் வருகிற சொல்லைத்தான் அது வாழ்நாளெல்லாம் வைத்துக்கொள்ளும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

சித்திரையில் ஐந்தாம் வகுப்பு முடிந்து, அவளும் அப்பாவும் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார்கள். எல்லோருடையதையும் ஒரே மூச்சில் நான்தான் எழுதியிருந்தேன். அவள் வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டாள்.

"டீச்சர், இதுல ஒரு தப்பு இருக்கு. சொல்லலாமா?"

தலைமையாசிரியர் இருந்தார். சான்றிதழுக்கு வந்த பெற்றோர் பத்துப் பேர் இருந்தார்கள்.

"சொல்லு. கத்திச் சொல்லு" என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையைப் பிரித்தாள். "எங்கப்பா பேரு மாரியப்பன் இல்ல, மாரிமுத்து!" என்று கத்தினாள். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அடித்துவிட்டுத் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.